ஆயிரம் வாட் அழகு

எல்விஸ் பிரெஸ்லியின் பெயரை எடுக்காமல் இந்த வானொலியின் கதையை யாரும் தொடங்குவதில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை நடத்திய சாம் பிலிப்ஸ், எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ.வுக்கு 35,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தில் பெண்களே நடத்தும் வானொலி ஒன்றைத் தொடங்கினார் என்பார்கள். தேதிகளைப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1955 அக்டோபர் 29. ஒப்பந்தம் கையெழுத்தானது நவம்பர் 21. முன்பணம் கொஞ்சம் வந்திருக்கலாம். ஆனால் உரிமமும் கருவிகளும் ஆள்தேர்வும் அதற்கு முந்தைய வேலைகள். ஹாலிடே இன் விடுதிகளைத் தொடங்கிய கெமன்ஸ் வில்சன் பங்குதாரராகச் சேர்ந்தார். அவருடைய விடுதி ஒன்றிலேயே நிலையம் இயங்கியது. பெண்களின் வேலையைப் பற்றிய வரலாறுகூட ஓர் ஆண் பாடகரின் விலையில்தான் தொடங்க வேண்டுமா என்பது என் எரிச்சல்.

பெயர் டபிள்யூ.எச்.இ.ஆர். கடைசி மூன்று எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் 'அவளுடைய' என்று பொருள். பணம் போட்டவர்கள் என்னவோ ஆண்கள்தான்.

சாமின் மனைவி பெக்கி, திருமணத்துக்கு முன்பே அலபாமாவில் வானொலியில் பேசியவர். இந்த யோசனைக்கு அவரே தூண்டுதல் என்று சாம் சொல்லிவந்தார். குரல் தேர்வுக்கு வந்த பெண்களோ, ஒரே ஓர் அறிவிப்பாளர் இடத்துக்குத் தாங்கள் போட்டியிடுவதாக நினைத்திருந்தார்கள். அன்றைய வானொலியில் பெண்ணுக்கு அவ்வளவுதான் இடம். ஏறக்குறைய எல்லா வேலைகளும் பெண்களுக்கே என்பது, ஒலிபரப்புக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர்களுக்குத் தெரிந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது காற்றில் வந்த குரல் அல்ல. செய்தி வாசித்ததும், இசைத்தட்டைச் சுழலவிட்டதும், கட்டுப்பாட்டுப் பலகையை இயக்கியதும் அவர்கள். விளம்பர வாசகம் எழுதியதும், கடை கடையாகப் போய் அந்த விளம்பரத்தை விற்றுவந்ததும் அவர்களே. வணிக வானொலியில் பணம் வரும் வழி தெரிந்தவரிடம்தான் அதிகாரம் இருக்கும். அந்த வழியை இந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நிலையம் தன்னை விற்ற விதம் வேறு. ஒலிபரப்புக்கூடத்துக்குப் 'பொம்மைக் குகை' என்று பெயர். விளம்பர வாசகம் 'ஆயிரம் அழகிய வாட்ஸ்'. வளர்ந்த பெண்கள் உழைத்த இடம் 'சிறுமியர் வானொலி' என்ற பொருள்படவே அழைக்கப்பட்டது. (நம் அலுவலகங்களிலும் நாற்பது வயதுக்காரியை 'அந்தப் பொண்ணு' என்பார்கள், அவளைவிட இளையவன் 'சார்'.) அந்தப் 'பொண்ணு'களில் ஒருவர் மரியன் கீஸ்கர். வேறொரு நிலையத்தில் 'கிட்டி கெல்லி' என்ற பெயரில் புகழ்பெற்றவர். 1953இல் எல்விஸ் முதன்முதலாகப் பாடிப் பதிவுசெய்ய வந்தபோது, சன் நிறுவனத்தில் அவர் பெயரைக் குறித்துவைத்தவர். டபிள்யூ.எச்.இ.ஆர்.-இல் முதலில் ஒலித்தது கீஸ்கரின் குரல். 1957இல் அவர் விமானப்படையில் சேர்ந்துவிட்டார்.

'முதல் பெண்கள் வானொலி' என்ற பட்டத்தை நான் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஒலிவாங்கிகளின் முன் அமர்ந்தவர்கள் வெள்ளையினப் பெண்கள். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த அதே நகரில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற இன்னொரு வணிக வானொலியும் இருந்தது. அதன் உரிமையாளர்கள் இருவரும் வெள்ளையர். நட்டத்திலிருந்து மீள 1948இல் கறுப்பின நேயர்களை நோக்கித் திரும்பினார்கள். 1949இல் வில்லா மன்றோ அங்கே இல்லத்தரசிகளுக்கான நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1954இல் அந்த நிலையத்தின் வலிமை 50,000 வாட் ஆயிற்று. அதாவது, 'அழகிய' ஆயிரம் வாட் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே மெம்பிஸ் வீடுகளில் ஒரு கறுப்பினப் பெண்ணின் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரு நிகழ்ச்சி மட்டுமே, ஒரு நிலையம் அல்ல.

1970களின் தொடக்கத்தில் டபிள்யூ.எச்.இ.ஆர். பெயர் மாறியது, ஆண்களும் உள்ளே வந்தார்கள். 1999இல் 'கிச்சன் சிஸ்டர்ஸ்' என்ற இரு பெண் தயாரிப்பாளர்கள் பழைய ஒலிநாடாக்களையும் ஊழியர்களின் நினைவுகளையும் திரட்டி ஆவண நிகழ்ச்சியாக்கினார்கள்.

டபிள்யூ.டி.ஐ.ஏ.வில் 1954இல் சேர்ந்த மார்த்தா ஜீன் ஸ்டைன்பெர்க், 'ராணி' என்ற பட்டத்தோடு 1963இல் டெட்ராய்ட் போனார். 1997இல் அங்கே டபிள்யூ.கியூ.பி.எச். என்ற வானொலி நிலையத்தை விலைக்கு வாங்கினார்.