செல்போனை டெலஸ்கோப்பில் ஒட்டிய கதை

"பி.காம். படிக்கிறவனுக்கு டெலஸ்கோப் எதுக்குப்பா?" என்று கேட்காதீர்கள் நண்பர்களே. பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். ஆனால் இது கையில் இருந்ததை வைத்துக் காரியம் முடித்தவர்களின் வரலாறு. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் சின்ன விளக்கம். தொலைநோக்கியோ பைனாகுலரோ, நாம் கண் வைக்கும் பக்கத்தில் இருப்பது கண்ணருகு லென்ஸ். அதிலிருந்து வரும் ஒளி, லென்ஸுக்குச் சற்று வெளியே ஒரு சிறு வட்டமாகச் சேர்கிறது. 10x50 பைனாகுலர் என்றால் 50-ஐ 10-ஆல் வகுங்கள். வட்டத்தின் விட்டம் 5 மி.மீ. நம் கண்மணி சரியாக அங்கே இருந்தால்தான் காட்சி முழுதாகத் தெரியும். கண்ணை எடுத்துவிட்டு அதே இடத்தில் செல்போன் கேமராவை வைத்தால் படம் விழும். கொஞ்சம் விலகினால் ஓரமெல்லாம் கறுப்பு, கை நடுங்கினால் எல்லாமே கலங்கல். ஆக, அடாப்டரின் வேலை ஒன்றே ஒன்றுதான்: அசையாமல் பிடித்துக்கொள்வது.

இந்தத் தொல்லை செல்போனுக்கு ரொம்ப முந்தியது. 1840-ல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற பேராசிரியர் நிலவை டாகுரோடைப் முறையில் தகட்டில் பதித்தார். சுமார் 20 நிமிடம் ஒளி பட வேண்டியிருந்தது. அதுவரை நிலா நிற்குமா? அதன் நகர்வைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1850-ல் ஹார்வர்டு வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியில் விப்பிளும் பாண்டும் வேகா விண்மீனைப் படமெடுத்தார்கள். அவ்வளவு பெரிய கருவி எல்லோருக்கும் கிடைக்குமா என்ன?

சாமானியர்களின் காலம் 1999-ல் வந்தது. மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, பறவை பார்க்கும் தொலைநோக்கியின் பின்னால் நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவைப் பிடித்துப் பார்த்தார். படங்கள் பிரமாதம்! அந்தக் கேமராவில் ஜூம் உள்ளுக்குள்ளேயே நடக்கும், லென்ஸ் வெளியே நீளாது. முன்புறம் மரை வேறு இருந்தது. எனவே எதையாவது திருகி மாட்டுவது சுலபம். இந்தக் கலைக்கு 'டிஜிஸ்கோப்பிங்' என்ற பெயர் வந்தது.

செல்போனில் மரை ஏது? அதனால்தான் பி.வி.சி. குழாய்த் துண்டும் பழைய போன் உறையும் பசையும் களத்தில் இறங்கின. ஆய்வகங்களும் இதில் இறங்கின. 2009-ல் பெர்க்லியில் டேனியல் பிளெட்சர் குழு, நோக்கியா என்73 போனுடன் நுண்ணோக்கி லென்ஸ்களை இணைத்து, மலேரியா தாக்கிய இரத்தத்தையும் காசநோய்க் கிருமியையும் படமெடுத்துக் காட்டியது.

2013-ல் வெளியான ஆய்வு இன்னும் எளிமையானது. தான்சானியாவின் பெம்பா தீவில் ஐசக் போகோச் குழு, ஐபோன் கேமராமேல் 3 மி.மீ. உருண்டை லென்ஸ் ஒன்றை இருபக்க டேப்பால் ஒட்டியது. லென்ஸ் விலை சுமார் 8 டாலர்! பிள்ளைகளின் மல மாதிரிகளில் குடற்புழு முட்டைகளைத் தேடினார்கள்.

இங்கேதான் என் காமர்ஸ் புத்தி விழித்துக்கொள்கிறது. செலவுப் பக்கம் சரி, வரவு? வழக்கமான நுண்ணோக்கி காட்டிய உருண்டைப்புழுத் தொற்றில் சுமார் 81 சதவீதத்தை இது பிடித்தது. கொக்கிப்புழுவிலோ வெறும் 14 சதவீதம். அதாவது கொக்கிப்புழு உள்ள ஏழு பிள்ளைகளில் ஆறு பேருக்கு 'இல்லை' என்று சொல்லியிருக்கும். அந்தப் புழு இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்குவது. மருந்தில்லாமல் வீடு திரும்பும் பிள்ளையின் நஷ்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

அந்தக் குழு தோல்விக் கணக்கையும் மறைக்காமல் அச்சிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பறவைப் படம் கலங்கினால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். நோய் பார்க்கும் கருவி எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் "மலிவு" என்று கொண்டாட முடியும்.

நீங்களும் ஒன்று செய்யப் போகிறீர்களா? குழாய் கண்ணருகு லென்ஸில் இறுக்கமாக உட்காரட்டும். நிலவிலிருந்து தொடங்குங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், போனும் போகும், கண்ணும் போகும்!