பகை விமானத்தின் வரவறிந்த வகை

வானில் வரும் பகைவனை அறிய முதன்முதல் உதவியவை மனிதனின் கண்ணும் காதுமே. முதல் உலக யுத்தத்தில், அகன்ற கொம்பு போன்ற குழாய்களைச் செவியிற் பொருத்தி வானத்து இரைச்சலை உற்றுக் கேட்கும் வீரர்கள் ஐரோப்பியப் படைகளில் இருந்தனர். பின்னர் ஆங்கிலேயர் கடலை நோக்கிக் குழிந்த காங்கிரீட் சுவர்களை எழுப்பினர். மால்ட்டாத் தீவில் அவர்கள் கட்டிய சுவரின் நீளம் 200 அடி. தீவு மக்கள் அதற்கு இட்ட பெயர் 'காது'.

ஆயினும் காதின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. ஒலி ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் செல்லும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் ஓசை 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நம்மை எட்டுவதற்குள், விமானமும் ஏழரைக் கிலோமீட்டர் நெருங்கிவிடும். எஞ்சும் அவகாசம் நாலரை நிமிஷமே.

1935 பிப்ரவரி 26-ஆம் நாள் வேறொரு வழி பிறந்தது. இங்கிலாந்தின் டாவென்ட்ரி ஒலிபரப்பு நிலையத்துச் சிற்றலைகள், பறக்கும் விமானத்தின்மீது பட்டுத் திரும்புவதை வாட்சன் வாட், வில்கின்ஸ் என்னும் இருவர் கருவியிற் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் ராடாரின் தோற்றம் அதுவே. பாட்டும் பேச்சும் சுமந்த அலை காவலுக்கும் வந்தமை வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தியன்றோ!

பழைய கண்ணும் புதிய ராடாரும் நமக்கு அண்டையிலேயே சோதனைக்குள்ளான காலம் 1942 ஏப்ரல். ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வந்தது. 4-ஆம் நாள், கானடா விமானப்படையைச் சேர்ந்த பிர்ச்சால் என்பவர் தம் காட்டலினாப் பறக்கும் படகிலிருந்து, தீவுக்குத் தெற்கே நெடுந்தொலைவில் அதனைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பிவிட்டார். யுத்தம் முடியும்வரை அவர் ஜப்பானியரின் கைதி. (அத்தகைய காட்டலினாக்கள் பிற்பாடு பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிற் பழுதுபார்க்கப்பட்டன என்பதை மைசூர்ப் பகுதியில் வாழும் நம்மவர் அறிந்திருக்கலாம்.)

அச்செய்தியால் கொழும்புத் துறைமுகத்துக் கப்பல்கள் பல வெளியேற்றப்பட்டன. ஆனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, நடந்தது என்ன? கொழும்பில் ராடார் இருந்தும் உரிய எச்சரிக்கை எழவில்லை. இரத்மலானையில் இருந்த ஹரிக்கேன் போர்விமானங்கள், பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே தரையை விட்டுக் கிளம்பின. வரவை முந்நாளே அறிந்திருந்தும், வந்த கணத்தை அறியாமற் போயினர்.

6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னைக் குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்ட நாட்கள் அவை. உங்களுள் சிலர் வீடுகளில் இன்றும் அக்கதை பேசப்படலாம்.

9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கே ராடார் முன்கூட்டியே கண்டது. செய்தியும் உரிய இடத்தை அடைந்தது. ஹரிக்கேன்கள் வானில் காத்திருந்தன. சேதம் நேர்ந்ததெனினும் துறைமுகம் உறக்கத்தில் அகப்படவில்லை. முன்னெச்சரிக்கையால் முதல்நாள் இரவே வெளியேறிய ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலோ, மட்டக்களப்புக்கு அருகே பகைவர் கண்ணிற் பட்டது. அதன் தளத்தில் அன்று விமானம் ஒன்றேனும் இல்லை. 300 பேருக்கு மேல் மாண்டனர்.