கடல் கடந்த மாரியம்மை

கோயிலில்லாத ஊரிற் குடியிருத்தல் தகாது என்பது நம் முன்னோர் துணிபு. கோயிலை ஊர்க்கு அணியெனக் கருதுவார் பலர். அஃது ஊர்க்கு உயிர் என்பதை ஊரை விட்டுப் பிரிந்தவரே நன்கறிவர். போடிநாயக்கனூரினின்று முந்தல் வழியே ஏலமலை ஏறிய தொழிலாளர், தோட்டத்திற் குடிசை கட்டியதும் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மையென வணங்கினர். அவர்க்குத் தாயூர் மலையடியிலேயே இருந்தது. திருவிழாவிற்கு இறங்கி வரலாயிற்று. இறங்கி வரவொண்ணாத் தொலைவிற்குச் சென்ற தமிழர் யாது செய்தனர்? இதற்கு விடை கரீபியக் கடலிலே உள்ளது.

வட அமெரிக்காவிற்கும் தென் அமெரிக்காவிற்கும் நடுவே, கரீபியக் கடலின் கிழக்கெல்லையில் வளைந்து கிடக்கும் சிறு தீவுகளுள் ஒன்று குவாதலூப். 1635ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அதனிற் குடியேறினர். ஆப்பிரிக்காவினின்று அடிமைகளைக் கொணர்ந்து கரும்புத் தோட்டங்களை வளர்த்தனர். 1848இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றோர் பலர் பழைய எசமானரின் தோட்டங்களில் உழைக்க மறுத்தனர். அவ்விடத்தை நிரப்பப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களினின்று தமிழர் கப்பலேற்றப்பட்டனர். 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஓரேலி' என்னும் கப்பல் அண்டையிலுள்ள மார்த்தினீக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854ஆம் ஆண்டு திசம்பரில் குவாதலூப்பிற்கு முதற் கூட்டத்தாரைக் கொண்டு சேர்த்தது.

ஒப்பந்தம் ஐந்தாண்டிற்கு, கடற்பயணமோ ஏறத்தாழ மூன்று திங்கள். 1880களின் இறுதி வரை குவாதலூப்பிற்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 42,000 பேர். மார்த்தினீக்கிற்குச் சென்றோர் ஏறத்தாழ 25,000 பேர். அவருட் பெரும்பாலார் தமிழர். கடும் உழைப்பாலும் நோயாலும் மாண்டவர் மிகப் பலர். ஊர் திரும்பியோர் சிறுபான்மையினரே.

எஞ்சியோர் கிறித்தவப் பெயர் பெற்றனர். ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்கும் சென்றனர். ஆயினும் தோட்டத்து மூலையிலே மாரியம்மையை மறந்தாரல்லர். அவள் பெயர் அத்தீவினர் நாவிலே 'மலியேமின்' என்றாயிற்று. நம் மதுரை வீரன் 'மல்தெவிலின்' ஆயினான். பூசாரி 'பூசலி' ஆனார். மத்தளம் 'மத்தலொம்' ஆயிற்று. வேப்பிலை 'வெப்பெலெ' ஆயிற்று. குழம்பு 'கொலொம்போ' என மாறி, இன்று தீவினர் அனைவரும் உண்ணும் உணவாய் விளங்குகின்றது. மார்த்தினீக் தமிழர் நாகூர் ஆண்டவரையும் 'நகுமிலா' என்னும் பெயரால் மாரியம்மையோடு சேர்த்துப் போற்றுவர். சமயப் பூசல் அறியாத பாமரர் உள்ளம் அத்தகையது.

அவ்வழிபாட்டில் ஆட்டுக்கிடாய்ப் பலி உண்டு. உயிர்க்கொலை சைவ நன்னெறிக்கு உவப்பன்று. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறும் ஆகாது. எனினும் ஆகமம் ஓதுவிப்பாரும் தேசிகரும் உடன் செல்லாத நாட்டில், கற்பிப்பார் எவருமின்றி அம்மக்கள் தம் பாட்டன் செய்ததைத் தாமும் செய்து காத்தனர். குறை காண்பார் அக்காவலின் அருமையையும் உடன் காணுதல் வேண்டும்.

அவர்தம் வழித்தோன்றலுள் ஒருவர் என்றி சிதம்பரம், 1863இற் பிறந்தவர். தில்லைப் பெருங்கோயிலின் ஊர்ப்பெயர் பிரெஞ்சு எழுத்திலும் சிதையாது அவரிடத்து நின்றது வியப்பே. தீவிற் பிறந்த இந்தியர்க்கு வாக்குரிமை வேண்டுமென அவர் 1904இல் முயன்றார். அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என அதிகாரிகள் எதிர்த்தனர். ஏறத்தாழ இருபதாண்டு வழக்காடி, 1923இல் அவ்வுரிமையை அவர் நிலைநாட்டினார், 1952இல் மறைந்தார். அவர் ஊராகிய கப்பேஸ்தேரின் ஷான்ஜி என்னுமிடத்தில் இன்று மாரியம்மன் கோயிலொன்று வண்ணச் சுதைச் சிற்பங்களோடு பொலிகின்றது. ஒரு காலத்தில் தோட்டத்து மூலையில் ஒதுங்கி நின்ற தெய்வம் இன்று யாவரும் காணப் பெருவழியோரத்தே வீற்றிருக்கின்றது.

ஆயினும் இழப்பு ஒன்றுண்டு. வீட்டிலே தமிழ் பேசுதல் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அருகிற்று. பூசையிற் பாடும் தமிழ்ப்பாட்டு செவிவழியே வந்தது. பாடுவோரிற் பலர் அதன் பொருள் அறியார். கைகள் காத்ததை நாக்குக் காக்கவில்லை. அண்மைக் காலத்தில் அத்தீவினர் சிலர் தமிழகத் திருத்தலங்களைத் தேடி வருகின்றனர். தமிழ் பயில முனைவாரும் உளர். பாட்டனார் விட்டுச்சென்ற பாட்டின் பொருளைப் பேரர் கடல் கடந்து கேட்க வருதல் நெஞ்சை உருக்குவதாம்.

திருக்குட நன்னீராட்டுக் காணும் அன்பர்கள் இதனை எண்ணுதல் நன்று. கல்லும் சுதையும் புதுக்கப்பெறுதல் பெரும்பேறே. அத்திருமுன்பில் ஓதப்பெறும் திருமுறையின் பொருளைப் பிள்ளைகட்கு உணர்த்தாவிடின், கடல் கடவாமலே குவாதலூப் தமிழரின் நிலை போடிக்கும் வரக்கூடும். அவர்க்குச் சொல்லித்தருவார் இல்லை. இங்கோ ஆசிரியர் உளர், நூலும் உள. மாலைதோறும் ஒரு நாழிகை ஒரு பதிகத்தைப் பொருளுடன் பிள்ளைகட்குச் சொல்லித் தருதல் இக்கோயிற்குச் செய்யும் மற்றொரு நன்னீராட்டாகும்.

திருச்சிற்றம்பலம்.