இருக்கைக் குழாயின் உட்சுவர்

மிதிவண்டிச் சட்டகத்தில் மிதிகட்டை அச்சிலிருந்து மேலெழும் குழாய் இருக்கைக் குழாய் எனப்படும். அதனுள் செருகப்பட்டு, ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்ப ஏற்றி இறக்கப்படும் தண்டு சீட் போஸ்ட் எனப்படும். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் மிதிவண்டியை உருவாக்கியதை அடுத்துச் சில ஆண்டுகளில் சாய்சதுரச் சட்டகம் நிலைபெற்றபோது, இவ்விரண்டையும் பொருத்துவது சட்டகம் செய்வோரின் நுண்பணிகளுள் ஒன்றாயிற்று.

1897இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்ற முறை, வெளிவிட்டத்தை மாற்றாமல் குழாயின் முனைகளில் மட்டும் சுவரைத் தடிப்பாக விட்டு, நடுப்பகுதியை மெலிதாக்கி எடையைக் குறைத்தது. ஆனால் இருக்கைக் குழாயின் மேல்முனையில் தண்டு இறங்க வேண்டியிருந்தமையால், அதன் கீழ்முனையை மட்டும் தடிப்பாக விடுவது வழக்கமாயிற்று. 28.6 மி.மீ. வெளிவிட்டமும் மேற்பகுதியில் 0.6 மி.மீ. சுவரும் கொண்ட எஃகுக் குழாயின் உள்விட்டம் 27.4 மி.மீ. ஆகும், அதில் 27.2 மி.மீ. தண்டு இறங்கும்போது எஞ்சும் இடம் 0.2 மி.மீ. மட்டுமே.

லக் எனப்படும் இணைப்புறைகளில் பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருக்கிப் பற்றவைக்கும்போது, வெப்பத்தால் குழாயின் வட்டம் கோணுவதும், உருகிய உலோகம் உட்புறம் கசிந்து உறைவதும் உண்டு என்பதால், அச்சிறு இடைவெளி எளிதில் அடைபட்டுவிடும். ஆகவே ரீமர் என்னும் பலவிளிம்புக் கருவியைச் சுழற்றி உட்சுவரை உரிய அளவுக்குச் சீவினர். கவ்விப் பிடிப்பதற்காகக் குழாயின் மேல்முனையில் அறுத்த பிளவின் பிசிறுகளை அரத்தால் நீக்கினர். பிளவு கீழிறங்கி விரிசலாகாமலிருக்க அதன் அடியில் சிறு துளையும் இட்டனர்.

எஃகுத் தண்டு இருந்தவரை துருவே முதன்மையான பகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பந்தய மிதிவண்டிகளில் அலுமினியக் கலவைத் தண்டுகள் பரவியபோது சிக்கல் இரட்டித்தது: மென்மையான அலுமினியம் ஒரு சிறு பிசிறாலும் நெடுகக் கீறப்பட்டது, வியர்வையும் மழைநீரும் புகுந்த இடத்தில் எஃகோடு மின்வேதி வினைபுரிந்து அரிக்கப்பட்டது, அரிப்பில் விளைந்த பொருள் மூல உலோகத்தைவிடப் பருத்து, தண்டைக் குழாயோடு இறுக்கிவிட்டது. துடைத்துத் துப்புரவாக்கிய உட்சுவரில் கிரீஸ் பூசுவது இதனாலேயே இன்றியமையாததாயிற்று.

சாலை மிதிவண்டியின் எஃகுத் தண்டாயினும் பந்தய மிதிவண்டியின் அலுமினியத் தண்டாயினும், அதை உருவி எடுக்கும் நாளில் அதன் மேலுள்ள கீறல்களே, கண்ணுக்குத் தெரியாத அந்த உட்சுவரில் பட்ட கையின் அக்கறையை அளந்து காட்டிவிடும்.