பாதி உடலைச் சொல்லும் சொற்கள்

ஐதராபாத்தில் ஒரே நோய்க்கு மூன்று பெயர்கள் காதில் விழுகின்றன. தெலுங்கர் பக்ஷவாதம் என்பர். தக்கினி உருது பேசுவோர் ஃபாலிஜ் என்பர். தமிழராகிய நாம் பக்கவாதம் என்போம். மூன்றினுள்ளும் உறைவது ஒரே படிமம். 'பக்ஷ' என்பது உடலின் ஒரு புறம். ஃபாலிஜ், இரண்டாகப் பிளத்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்தது. கிரேக்க வழிவந்த ஹெமிப்ளீஜியாவிலும் 'ஹெமி' பாதியே. சரக சம்ஹிதை, ஓருறுப்பு மட்டும் செயலிழப்பதை 'ஏகாங்க ரோகம்' எனத் தனியே பெயரிட்டது. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது பாதியுடலைச் சுட்டும் சொல்தான்.

பாதி உடல் விழாதபோது இச்சொற்கள் நம்மைத் திசைதிருப்புகின்றன. மதிய உறக்கம் கலைந்து எழுபவரின் மணிக்கட்டு தொங்குகிறது. முகம், கால், பேச்சு யாவும் நலம். 'நாற்காலிச் சாய்மானத்தில் கையைப் போட்டுத் தூங்கினீர்கள், நரம்பு அழுந்தியிருக்கும்' என்பர் வீட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம்: மேற்கை எலும்பைச் சுற்றிச் செல்லும் ரேடியல் நரம்பு அழுந்தினால் இவ்வாறே நேரும். ஆனால் பெருமூளைப் புறணியின் சிறு இரத்தக்குழாய் அடைபட்டாலும் இதே தோற்றம் வரக்கூடும்.

மூளை இவ்வாறு நரம்பின் வேடம் பூணும் என்பதை மருத்துவம் மெல்லவே கற்றது. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியில் மின்னோட்டம் செலுத்தி, குறிப்பிட்ட இடம் குறிப்பிட்ட தசையை அசைப்பதைக் காட்டினர். நரம்புவேரின் எல்லையை ஒத்த உணர்விழப்பு மூளைப் புண்ணாலும் வரலாம் என 1909இல் பிரெஞ்சு மருத்துவர் லெர்மித் எழுதினார். கையை இயக்கும் பகுதி, தலைகீழ் ஒமேகா எழுத்தைப் போன்ற சிறு புடைப்பு என்பதை யூஸ்ரி குழுவினர் எம்ஆர்ஐ படங்களில் அடையாளங்கண்டது 1997இல்தான். இடையில் 88 ஆண்டுகள்!

வேறுபடுத்தும் சோதனைகள் எளியவை. பொருளொன்றை இறுகப் பற்றச் சொன்னால், மூளைப் பாதிப்பில் தொங்கிய மணிக்கட்டு தானே சற்று நிமிரக்கூடும்; ரேடியல் நரம்புப் பாதிப்பில் நிமிராது. உள்ளங்கையை மேசைமீது பதித்து விரல்களை அகட்டச் சொன்னால், ரேடியல் நரம்பு மட்டும் கெட்டவரால் இயலும். இயலாவிடில் பழுது அந்த ஒரு நரம்போடு நிற்கவில்லை. மூளையைப் படமெடுத்தாக வேண்டும்.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான காலவரை 4.5 மணி நேரம். அதற்குள் எவரேனும் 'ஃபாலிஜா?' என்று கேட்டால், நோயாளி தம் காலை அசைத்துப் பார்த்து, 'இல்லை, கை மட்டுந்தான்' என்பார்.