சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகலையா, அன்இன்ஸ்டால் ஆகலையா? 'ஃபார்மட்' பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

போன்ல ஒரு ஆப் வேண்டாம்னா, ஐகானை அழுத்திப் பிடிச்சு 'அன்இன்ஸ்டால்' கொடுத்தா வேலை முடிஞ்சுது. அதே பழக்கத்தில் லேப்டாப்பிலும் டெஸ்க்டாப் ஐகானை டெலிட் பண்ணிட்டு, 'தூக்கியாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய பேர். நீங்க தூக்கினது வெறும் ஷார்ட்கட். வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, வீடே காலி என்று சொல்வது மாதிரிதான் அது. ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனக்கென ஓர் அறையில் இருக்கும். விண்டோஸில் பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் அப்படி இல்லை. கொஞ்சம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில், கொஞ்சம் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில், மிச்சம் 'ரெஜிஸ்ட்ரி' என்கிற பதிவேட்டில் என்று பரவிக் கிடக்கும். இதில் ஒன்று அறுந்தால்கூட உள்ளே போவதும் சிக்கல், வெளியே வருவதும் சிக்கல். உடனே சர்வீஸ் கடைக்கு ஓடினால், பல இடங்களில் கிடைக்கும் ஒரே பதில், 'ஃபார்மட் போட்டாதான் சரியாகும்'. காலேஜ் புராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதோடு போய்விடும். பாதிப் பிரச்னைகளுக்கு அது தேவையே இல்லை.

எரரைப் படிங்க பாஸ்!

எரர் வந்ததும் 'ஓகே'யை அழுத்தி மூடுவதுதான் முதல் தப்பு. போனை எடுத்து ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அதிலிருக்கும் நம்பர்தான் துப்பு.

1618 என்று வந்தால், வேறொரு இன்ஸ்டலேஷன் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது முடியும்வரை காத்திருங்கள். முடிகிற மாதிரி தெரியவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து ஆன் பண்ணுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட் டவுனில் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை.

1603 கொஞ்சம் வம்பான நம்பர். 'இன்ஸ்டால் தோல்வி' என்பதைத் தவிர பெரிதாக எதையும் சொல்லாது. பழைய வெர்ஷன் ஏற்கெனவே இருக்கலாம், அந்த ஃபோல்டரில் எழுத விண்டோஸுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். பழசை நீக்கிவிட்டு, செட்டப் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பாருங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது' என்று வந்தால், 32 பிட் விண்டோஸில் 64 பிட் சாஃப்ட்வேரைப் போட முயல்கிறீர்களோ என்று பாருங்கள். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' போனால் உங்களுடையது எது என்று தெரியும். புது லேப்டாப்பில் எதைப் போட்டாலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கே இழுத்துக்கொண்டு போகிறதா? அது 'எஸ் மோட்'டில் இருக்கலாம். அதிலிருந்து வெளியேற காசு வேண்டாம். ஆனால், வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது.

அடுத்தது, 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணவில்லை' ரகம். கேம் போடுகிறவர்களுக்கு இது பழக்கமான வில்லன். அந்த ஒரு ஃபைலை மட்டும் ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போடச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் போதும். உங்கள் ஆப் லிஸ்ட்டில் இதே பெயரில் ஐந்தாறு இருக்கும். 'எதுக்கு இத்தனை?' என்று தூக்கிவிடாதீர்கள், வெவ்வேறு சாஃப்ட்வேர்கள் வெவ்வேறு வருட வெர்ஷனை நம்பி ஓடுகின்றன.

போக மறுக்கும் விருந்தாளி

விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. அங்கிருந்துதான் நீக்க வேண்டும். முடியவில்லை என்றால், டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் அந்த சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து மூடிவிட்டு முயலுங்கள்.

ஃபோல்டரை ஏற்கெனவே டெலிட் பண்ணியிருந்தால்? லிஸ்ட்டில் பெயர் இருக்கும், நீக்கப் போனால் ஃபைல் இல்லை என்று அழும். கேட்க விநோதமாக இருந்தாலும், அதே வெர்ஷனை மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டு, பிறகு முறைப்படி நீக்குவதுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதுவும் நடக்கவில்லையா, மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபுள்ஷூட்டர்' என்ற இலவசக் கருவியை வைத்திருக்கிறது. பழுதான ரெஜிஸ்ட்ரி பதிவுகளை அதுவே சரிசெய்யும். ஆன்டிவைரஸ்கள் இன்னும் பிடிவாதம். அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் 'ரிமூவல் டூல்' இருக்கிறதா என்று தேடுங்கள்.

'சேஃப் மோட்'ல போய் நீக்குங்க என்று ஒரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அது சரிப்படாது. 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' சர்வீஸ் சேஃப் மோடில் வழக்கமாக இயங்காது. அதை நம்பியிருக்கும் சாஃப்ட்வேரை அங்கே நீக்க முடியாது.

இடம் பிடிக்கிறதே என்று 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரில் கை வைப்பவர்களும் உண்டு. பல ஜிபி இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், பல சாஃப்ட்வேர்களை அப்டேட் செய்யவும் நீக்கவும் தேவைப்படும் ஃபைல்கள் அங்கேதான் இருக்கின்றன. அதை அழித்தால், பின்னாளில் எதுவும் ஒழுங்காக வெளியே வராது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் அதே ரகம்தான். அவற்றைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

கிராக் வெர்ஷன்

'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்று ஒரு சாஃப்ட்வேர் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள். கிராக் வெர்ஷன்களோடு ஒட்டிக்கொண்டு வரும் திருட்டு மால்வேர்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் சுருட்டிக்கொண்டு போகும். குக்கீ கிடைத்தால், பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே உங்கள் இன்ஸ்டாகிராமில் நுழையலாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அன்இன்ஸ்டால் மட்டும் போதாது. வேறொரு சுத்தமான போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா டிவைஸ்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். அப்பாவின் நெட் பேங்கிங் அந்த லேப்டாப்பில் இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.

இந்த ரகம் இல்லாமல், நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் போட்ட பிறகு சிஸ்டமே தடுமாறுகிறது என்றால் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறது. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர்களை நீக்கிவிடும், உங்கள் போட்டோ, டாக்குமென்ட்டைத் தொடாது. அதற்கு 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' முன்கூட்டியே ஆனில் இருக்க வேண்டும். இன்றே பார்த்து வையுங்கள்.

எதுவுமே சரிவரவில்லை என்றாலும், கடைக்குப் போகும்முன் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற வழியைப் பாருங்கள். நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்களும் செட்டிங்ஸும் போகும், சொந்த ஃபைல்கள் இருக்கும். நீக்கிய சாஃப்ட்வேர்களின் பட்டியலை டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருக்கும். இருந்தாலும் முக்கியமானதை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு, சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். ரீசெட் முடிய மணிக்கணக்கில் ஆகலாம்.