கல்லே வடிகட்டி: வீட்டு முருகைத் தொட்டியில் நீர் எப்படிச் சுத்தமாகிறது?

நெடுந்தீவுக்குப் போனவர்கள் முருகைக்கல் அடுக்கி எழுப்பிய மதில்களைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கல்லை உற்றுப் பார்த்தால் எங்கும் துளைகள்தான். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, மீன்களோடு உயிருள்ள முருகைகளையும் வளர்ப்பவர்கள் ‘இயற்கை வடிகட்டல்’ என்று சொல்வதில் பெரும்பகுதி அத்தகைய துளைகளுக்குள் நடக்கும் வேலைதான்.

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். இந்த இரண்டு வேலைக்கும் ஒட்சிசன் வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண வடிகட்டி இவ்வளவையும் செய்துவிடும். நன்னீர்த் தொட்டிக்கு அது போதும், இடையிடையே நீரை மாற்றினால் சரி. முருகைக்கு அது போதாது. நைத்திரேற்று கூடினால் பாசி பெருகி முருகையை மூடிவிடும். அதை நீரிலிருந்து வெளியேற்ற, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள் தேவை. அவை நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, மிஞ்சுவதை நைதரசன் வாயுவாக விட்டுவிடும். துளையுள்ள கல்லின் வெளிப்புறத்தில் ஒட்சிசன் உண்டு, உட்புறத்தில் இல்லை. அதனால் ஒரே கல்லில் இரண்டு வேலையும் நடக்கிறது.

இதை முதலில் உலகுக்கு எழுதிச் சொன்னவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். 1961 இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் வெளிவந்த அவரது கட்டுரையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல், மணல், கடல்நீர், வெயில், ஒரு காற்றுக் குமிழ்க் குழாய், அவ்வளவுதான். பின்னாளில் ஜேர்மனியில் இந்தக் கல்லோடு பலமான வெளிச்சத்தையும், நீரிலுள்ள கரிமக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ‘ஸ்கிம்மர்’ என்ற கருவியையும் சேர்த்தார்கள். ‘பெர்லின் முறை’ என்று அதற்குப் பெயர். இன்றைய பெரும்பாலான தொட்டிகள் அதன் வழிவந்தவையே.

நூறு லீற்றர் நீருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ கல் என்பது பழைய கணக்கு. எடையைவிடத் துளைதான் முக்கியம் என்பேன். கல்லைச் சுவர்போல நெருக்கி அடுக்காமல், இடைவெளி விட்டு, எல்லாப் பக்கமும் நீர் ஓடும்படி வைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், காய்ந்த கல் என்றால் இன்னும் கூட. இதற்குமுன் மீனை விட்டவர்கள்தான் “கடல்மீன் வீட்டில் தங்காது” என்று சொல்லித் தொட்டியை விற்றுவிடுகிறார்கள்.

அப்படியானால் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? கடலுக்குப் போகக் கூடாது. இலங்கையில் உயிருள்ள முருகைகள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 1988 இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்கிறது. சட்டத்தை விடுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தவர்கள், முருகைக்கல் அகழப்பட்ட பெரலியவில் கடல் கூடுதலாக உட்புகுந்ததையும், பாறை பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில் குறைவாகப் புகுந்ததையும் கண்டார்கள். அந்த அலையில் உறவுகளைப் பறிகொடுத்த கரைகளில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. துளையுள்ள செயற்கைக் கல்லோ பீங்கான் துண்டோ போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவரின் தொட்டியிலிருந்து கைப்பிடி மணலோ சிறு கல்லோ வாங்கிப் போட்டால், பற்றீரியாக்கள் அதிலிருந்து பரவிக்கொள்ளும்.

கல்லுக்கு அடுத்தது மணல். பத்து முதல் பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பொடிமணல் பரப்பினால் அடிப்பகுதியில் ஒட்சிசன் இல்லாத படை உருவாகும், அங்கும் நைத்திரேற்று குறையும். ஜோன் ஜோபேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி மணலுக்கு அடியில் வெற்றிடம் ஒன்று விட்டு இதே வேலையைச் செய்வித்தார், மொனாக்கோவில் அது பெயர் பெற்றது. ஆழமான மணலைப் பின்னர் கிளறவே கூடாது. முட்டை அழுகிய நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வெளிப்பட்டு மீன்கள் சாகலாம்.

பாசியை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு வைக்கும் வழியும் உண்டு. பக்கத்தில் சிறு தொட்டி ஒன்றில், நூற்கற்றைபோல வளரும் கீட்டோமோர்ஃபா பாசியை வளர்த்து, வாரந்தோறும் ஒரு பகுதியை வெட்டி எறிந்தால், நைத்திரேற்றும் பொசுபேற்றும் அதோடு வெளியேறிவிடும். பெரிய தொட்டியின் விளக்கு அணைந்தபின் இதன் விளக்கை எரியவிடுவது நல்லது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து வோல்டர் ஏடி, வலைமேல் பாசி வளர்த்துச் சுரண்டி எடுக்கும் முறையை உருவாக்கினார். கோலேர்ப்பா என்ற பாசி மட்டும் வேண்டாம். அதன் ஒரு வகை 1984 இல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் காணப்பட்டு, மத்தியதரைக் கடலில் பெரும் தொல்லையானது. கண்டல் கன்று நடுபவர்களும் இருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அது மெதுவாக வளர்வதால் உறிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு அப்படியே தங்கிவிடும், ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் கூடாது. வலிகாமத்துத் தோட்டக் காணிகளை ஒட்டிய பல கிணறுகளில், உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியாக இறங்கி, குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையையும் நைத்திரேற்று தாண்டியிருக்கிறது. முருகைத் தொட்டியில் அது பத்துக்குக் கீழே இருப்பது நல்லது. கல்லும் மணலும் மாதக்கணக்கில் அகற்றியதை நாமே வாளியால் திருப்பி ஊற்றியது போலாகும். ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள்.

கடைசியாக மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டோம். நீரோட்டம் நின்றால் கல்லிலுள்ள உயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். மீன் குறைவாக உள்ள தொட்டி கூடுதல் நேரம் தாங்கும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. பம்பியும் இல்லாவிட்டால், பத்து நிமிடத்துக்கொரு தடவை ஒரு சாடி நீரை அள்ளி, சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். அன்றைக்குத் தீனி போட வேண்டாம்.